சம்பந்தி வீட்டுச் சேவல்

அன்புள்ள செலின்,

உன்னிடம் நலம் விசாரித்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சமையலறை வாசலில் உட்கார்ந்து மூன்று தோசை தின்றுவிட்டுப் போனவள் நீ. போகிற அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கிண்டிப் புதுவீட்டுல பின்னாடி நல்ல இடம் இருக்கும்மா, எனக்கு நாலு கோழி குடு" என்றாய். நான் சரி என்றேன். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். அதற்கப்புறம்தான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நீ வருகிறபோது பிள்ளை அழுகிறது, பால் பொங்குகிறது, யாராவது கதவைத் தட்டுகிறார்கள்; எதையும் முழுசாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன். உன் அப்பா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பைபிள்ல வர்ற மாதிரி, கோழி வளர்ப்பவர்களுக்கு எழுதிய நிருபமா?" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் கட்டிய கூட்டிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

அந்தக் கூடு உனக்கு ஞாபகம் இருக்கும். டிராயிங் மாஸ்டர் கட்டிய கூடு. முதலில் காகிதத்தில் அளவெல்லாம் போட்டு, நிழல் கொடுத்து, அழகாக ஒரு படம் வரைந்தார். பிறகு தேயிலைப் பெட்டிப் பலகைகளை வாங்கி வந்து, ஒரு லீவு முழுவதும் அறுத்தும் இழைத்தும், சாந்தோம் கடற்காற்று ஒரு நூல்கூட உள்ளே போகாதபடி இடுக்குகளையெல்லாம் தார் பூசி அடைத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். கோழிகள்தான் மெச்சவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் உள்ளே போய் அடைந்தவை, காலையில் கதவைத் திறந்தால் கண் வீங்கி, மூக்கு ஒழுகி, கரகரவென்று மூச்சு விட்டுக்கொண்டு வந்தன. உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. எனக்கே அரை நிமிஷம் நிற்க முடியவில்லை. அவை ராத்திரி முழுக்க அதற்குள் இருந்திருக்கின்றன. அன்றைக்கே கொடுவாளை எடுத்து முன்பக்கப் பலகைகளில் மேல் பாதியைப் பிளந்து எறிந்தேன். உன் அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்க் காப்பி குடித்தார். இரண்டு நாள் கழித்து அவரே கம்பி வலை வாங்கி வந்து அந்த இடத்தில் அடித்தார். இருமலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதையில் பாதி அந்த வலையை வாங்கி வந்ததற்காகத்தான்.

அதனால் உன் கூட்டில் முதலில் பார்க்க வேண்டியது காற்று. கீழ்ப் பாதி அடைப்பாகவும் மேல் பாதி வலையாகவும் இருக்கட்டும். சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் ஒரு கோணியைத் தொங்கவிட்டு, மழை விட்டதும் சுருட்டிவிடு. தரையோடு வைக்காதே, நான்கு கால் நட்டு இடுப்புயரத்துக்குத் தூக்கி வை. தரை ஈரம் கோழிக்கு ஆகாது, பெருச்சாளிக்கும் தரையோடு இருந்தால்தான் வசதி. உங்கள் பக்கம் கவர்னர் பங்களாக் காட்டிலிருந்து நரி வரும் என்று மாப்பிள்ளை சொன்னார். கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, தாழ்ப்பாள் போடச் சொல். உட்காருகிற கழிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்று மேலே ஒன்று கீழே என்று வைத்தால் தினமும் சாயங்காலம் மேல் கழிக்குச் சண்டை நடக்கும், கீழே இருப்பவற்றின் தலையில் எச்சம் விழும். பலகை இடுக்கில் உண்ணி சேரும். மாதத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடித்து, இடுக்குகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவு. ரேஷன் மண்ணெண்ணெயாயிற்றே என்று பார்க்காதே. ஒரு பழைய துணியின் நுனி நனைந்தால் போதும். அடுப்புச் சாம்பலைக் கொட்டாமல் ஒரு மூலையில் மணலோடு கலந்து குவித்து வை. அதில் புரண்டு அவையே தங்களைச் சுத்தம் செய்துகொள்ளும்.

இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கலாம். இனிமேல் எழுதப் போவதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நீ அப்போது எங்கள் நடுவில்தான் இருந்தாய், ஆனால் உன் மனம் அப்போது கோழி மேல் இல்லை.

யுத்தத்தில் குண்டு விழும் என்று பயந்து பாதி மயிலாப்பூர் ஊரைவிட்டு ஓடியதே, அந்தச் சமயத்தில் எதிர்வீட்டு டீச்சரம்மாவும் திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டார். வண்டி வாசலில் நிற்கும்போது மூன்று கோழிகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "நீங்க எப்படியும் இருக்கப் போறீங்க, இதுங்களையும் பார்த்துக்குங்க" என்று அழுதார். நானும் அழுதுகொண்டே வாங்கி, அப்படியே கொண்டுபோய் என் கோழிகளோடு விட்டேன். அதில் ஒன்று ஏற்கெனவே தும்மிக்கொண்டிருந்தது. அழுகையில் நான் அதைக் கவனிக்கவில்லை. மாதம் முடிவதற்குள் டீச்சரம்மாவுடையதும் என்னுடையதுமாக எல்லாம் போய்விட்டன. உன் புள்ளிக்கோழியும் அதில்தான் போனது. ஊரே காலியாகிக் கிடந்தபோது நீ வெற்றுக் கூட்டின் முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒன்று முடிவு செய்தேன். இனி யார் கொடுத்தாலும், எவ்வளவு பிரியத்தோடு கொடுத்தாலும், புதுக்கோழி பதினைந்து நாள் தனியாக இருந்த பிறகுதான் என் கூட்டுக்குள் போகும்.

அந்த முடிவுதான் உன் கல்யாணத்தின் குறுக்கே வந்து நின்றது.

யுத்தம் முடிந்து, பரங்கிமலை சம்பந்தம் கூடி வந்தது. நாள் குறிக்க உன் மாமியார் எலெக்ட்ரிக் ரயிலில் மாம்பலம் வரை வந்து, அங்கிருந்து ஜட்கா வண்டி பிடித்து வந்தார். ஒரு கையில் பழத்தட்டு, மறு கையில் மூடிய கூடை. கூடைக்குள் செக்கச்செவேலென்று ஒரு சேவல். அப்படி ஒரு சேவலை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கழுத்து இறகு வெயிலில் தணலாக மின்னியது. "நம்ம ஊட்டு சேவல், சம்பந்தி. இதோட அப்பன், பாட்டன்லாம் எங்க ஊட்லதான். பொண்ணு எடுக்கற ஊட்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாதில்ல" என்றார். புருஷன் போன பிறகு கோழி வளர்த்தும் தையல் தைத்தும் ஒரே பிள்ளையைப் படிக்க வைத்தவர். அந்தச் சேவலை அவர் எவ்வளவு பெருமையோடு கொண்டுவந்திருக்கிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

நான் வாங்கிக்கொண்டு நேரே வாசல் பக்கத்து விறகுக் கொட்டகைக்குப் போய் அதில் விட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "கோழிங்கல்லாம் பின்னாடிதான கீது? இத இன்னாத்துக்கு இங்க உடறீங்க?"

"பதினஞ்சு நாள் தனியா இருக்கட்டும் சம்பந்தியம்மா. அப்புறம் சேர்த்துடறேன்."

"தனியான்னா? எங்க ஊட்டு சேவலுக்கு சீக்கு கீதுன்னு சொல்றீங்களா?"

"அப்படி இல்ல. எது வந்தாலும் நான் இப்படித்தான் வைக்கறது."

"பரங்கிமல பூரா கேட்டுப் பாருங்க. எங்க ஊட்டு கோழி ஒரு நாளு தும்முனது இல்ல." அதோடு நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டை நன்றாகத்தான் சாப்பிட்டார். ஆனால் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை எந்த ஞாயிறு முதல் படிக்கலாம் என்று உன் அப்பா கேட்டபோது, "பாத்து சொல்லி அனுப்பறேன்" என்று எழுந்துவிட்டார். இரண்டு ஊர்க் கோயிலிலும் மூன்று ஞாயிறு ஓலை படித்தால்தான் கல்யாணம். அந்த ஞாயிறு எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அடுத்த ஞாயிறும் அனுப்பவில்லை.

இப்போது யோசித்தால், நான் செய்தது சரிதான், செய்த விதம்தான் சரியில்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, டீச்சரம்மா கோழிகளின் கதையைச் சொல்லிவிட்டு அப்புறம் சேவலைக் கொட்டகைக்குக் கொண்டுபோயிருக்கலாம். கோழி வளர்க்கிறவர், புரிந்துகொண்டிருப்பார். கண்டிப்பாக இருப்பதில் இருந்த அவசரம் எனக்குக் காரணம் சொல்வதில் இல்லை. உன் வீட்டில் நீ அப்படி இருக்காதே.

வீட்டில் என்ன நடந்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நீ சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பாய். "ஒரு சேவலுக்காகவாம்மா?" என்று ஒரு தடவைதான் கேட்டாய். சண்டை போட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். உன் அப்பா, "அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் பின்னாடி கொண்டுபோய் விடு. போனதும் மறுபடி கொட்டகையில போட்டுடு" என்றார். "ஒரு நாள் போதுமே, சீக்கு ஒட்டறதுக்கு" என்றேன். "அதுக்குத்தான் சீக்கே இல்லையே!" என்றார். ஆனாலும் நான் விடவில்லை. சேவலையும் என் கோழிகளையும் நானே கவனித்தால் தனியாக வைப்பதில் அர்த்தமே இல்லை என்பதால், சேவலுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்கும் வேலையை உன்னிடம் கொடுத்தேன். பின்பக்கம் நீ வரக்கூடாது, கொட்டகைப் பக்கம் நான் வரக்கூடாது. நீ கோபத்தில்தான் சம்மதித்தாய். ஆனால் நொய்யைக் கழுவி, கேழ்வரகு கலந்து, மண்சட்டியைத் தேய்த்துத் தினமும் புதுத் தண்ணீர் ஊற்றி, அந்தக் கோபத்தோடேயே அவ்வளவு ஒழுங்காகச் செய்தாய்.

மாப்பிள்ளை வந்ததைச் சொல்லாமல் விட முடியாது. தந்தி ஆபீஸ் முடிந்து, ஒரு சாயங்காலம் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு நின்றார் சேவியர். "அம்மா அனுப்பல. நானாதான் வந்தேன். சேவல் எப்டி கீதுன்னு பாத்துட்டுப் போலாம்னு." குழாயடியில் காலைக் கழுவிவிட்டுத்தான் கொட்டகைக்குப் போகவேண்டும் என்றேன். முகம் சுளிக்காமல் கழுவினார். மறுநாளும் சேவலைப் பார்க்க வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். வெயிலோ தூறலோ, காலைக் கழுவிக்கொண்டு போய்க் கொட்டகைக் கதவருகில் நிற்பார். நீ உள்ளே சட்டியைத் தேய்ப்பாய். தந்தி ஆபீசில் வேலை பார்க்கிறவருக்கு ஒரு சேவலின் சௌக்கியத்தைத் தெரிந்துகொள்ள அவ்வளவு நேரம் ஏன் ஆகிறது என்று நான் கேட்கவில்லை. ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு துணி தைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் பின்பக்கம் அது வந்தது. காலையில் கூட்டைத் திறந்ததும் முதலில் குதித்து இறங்குவது கருப்பி. அன்றைக்கு இறங்கவில்லை. மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றது. கீழே வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்திருந்தது. மத்தியானம் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மறுநாள் இன்னும் மூன்று. ஒன்றின் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப் பக்கம் திரும்பிவிட்டது. நிற்க முடியாமல் வட்டமடித்து விழுந்தது. பூண்டு, மஞ்சள், வேப்பிலை எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். செத்துப்போன ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு உன் அப்பா மிருக ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் அறுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மருந்து கிடையாது சார். ராணிக்கெட் சீக்கு. செத்ததை ஆழமாப் புதைச்சு சுண்ணாம்பு போடுங்க. ரெண்டு மாசம் அந்த மண்ணுல கோழியே விடாதீங்க" என்றாராம்.

எங்கிருந்து வந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. காக்காய் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சம்பந்தி வந்த அன்றைக்குக் குழம்புக்கென்று சந்தையிலிருந்து இரண்டு கோழி வாங்கி வந்தோமே, அவை காலைக் கட்டியபடி, கூட்டுக்குப் பக்கத்து எலுமிச்சை நிழலில் அரை நாள் கிடந்தன. ராஜா மாதிரி வந்த சேவலைக் கொட்டகையில் அடைத்த நான், குழம்புக் கோழியை ஒரு கோழியாகவே நினைக்கவில்லை.

அந்த வாரம் முடியும்போது கூடு காலி. சாயங்காலம் சேவியர் வந்தபோது வாசலிலேயே நிறுத்தினேன். "உள்ள வராதீங்க தம்பி. எல்லாம் போயிடுச்சு. உங்க வீட்டுலயும் கோழி இருக்கு." அவர் தயங்கி, "அப்ப எங்க சேவல்?" என்றார். அப்போதுதான் கொட்டகைக்குள்ளிருந்து அது கூவியது. அந்த நேரத்தில் என்னத்துக்குக் கூவியதோ. நான் அழுததை நீ பார்த்தாய், அவரும் பார்த்தார்.

மறுநாள் காலை ஜட்கா வந்து நின்றது. உன் மாமியார் இறங்கினார். 'யார் ஊட்டு கோழிக்கு சீக்கு?' என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? கேட்கட்டும் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. வண்டிக்காரனை விட்டுச் சுண்ணாம்பு மூட்டை ஒன்றை இறக்கினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே பின்பக்கம் போய், வெற்றுக் கூட்டைச் சுற்றி வந்து பார்த்தார். "எத்தினி?" என்றார்.

"பதிமூணு."

"எனக்கும் ஒரு தபா இப்டிதான் ஆச்சு. எங்க ஊட்டுக்காரரு தவறிப்போன வருசம். ரெண்டும் சேந்து போச்சு." வாளியில் சுண்ணாம்பைக் கரைத்தார். நான் கூட்டுக்குள் இருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தேன், அவர் தென்னை மட்டையால் சுண்ணாம்பு அடித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "சேவலுக்குத் தீனி வெச்சது யாரு, நீங்களா?"

"இல்ல, செலின்தான். என்னைக் கிட்ட விடவே இல்ல."

மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி, வலைக்குக் கீழே இருந்த பலகையை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அடித்தார். "வர்ற ஞாயித்துக்கெழம ஓல படிக்கச் சொல்லி சாமியார் கைல சொல்லிட்டுதான் ரயிலு ஏறுனேன்" என்றார்.

புறப்படும்போது நான்தான் தயங்கினேன். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "சம்பந்தியம்மா, தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்குப் போனதும் குளிச்சுப் புடவை மாத்திட்டு அப்புறம் உங்க கோழிங்ககிட்ட போங்க" என்றேன். அவர் ஜட்காவில் ஒரு காலை வைத்தபடி என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "அத்த சொல்லுவீங்கன்னு தெரியும். மாத்துப் பொடவ எடுத்துக்கினுதான் வந்தேன். எங்க குளிக்கறது, சொல்லுங்க." நம் வீட்டுக் கிணற்றடியிலேயே குளித்து, புடவை மாற்றி, செருப்பைக்கூடச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டுதான் போனார். சேவலை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "இங்கயே இருக்கட்டும். இப்ப எடுத்துக்கினு போனா என் கோழிங்க இன்னா ஆவறது?" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அவர் சம்பந்தியானார்.

மழை பெய்து ஓய்ந்து, வெயில் அந்த மண்ணை நன்றாகக் காய்ச்சிய பிறகு, நான் புதுக் கோழிகள் வாங்கினேன். உனக்கு இப்போது வருகிற நாலும் அந்தச் சேவலின் வழி வந்தவை. இரண்டு முட்டையிடுகின்றன, இரண்டு இன்னும் பிராயத்துக்கு வரவில்லை. இந்தச் சீக்கு வராமல் தடுக்க இப்போது ஊசி வந்திருக்கிறதாம், இறக்கையில் குத்துகிறார்களாம். மிருக ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். எதிலாவது ஒன்று தலையைத் தொங்கப் போட்டால், என்ன என்று தெரிவதற்கு முன்பே தனியாக எடுத்து வை. ஆரோக்கியமாக இருப்பவற்றை முதலில் கவனித்துவிட்டு, நோயாளியிடம் கடைசியாகப் போ. மனிதர்கள் விஷயத்தில் இதற்கு நேர் எதிராக நட. மாமியாருக்கு முழங்கால் வலிக்கிற நாளில் முதலில் அவரிடம் போ.

வெள்ளிக்கிழமை உன் அப்பா கோழிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு வருவார். பரங்கிமலையை விட்டு உங்களோடு குடிவந்தபோது உன் மாமியார் கொண்டுவந்த மூன்று கோழிகள் அதற்குள் உன் புதுக் கூட்டில் ஏறியிருக்கும். அதனால் என்னுடையதைப் பின்பக்கம் கொண்டுபோகாதே. முன்னால் சைக்கிள் நிறுத்துகிற சாய்ப்பில், வேறு சட்டி, வேறு தண்ணீர் வைத்து அடை. அம்மா வீட்டுக் கோழியாயிற்றே என்று உனக்குச் சங்கடமாக இருக்கும். உன் மாமியாருக்கு உன்னைவிடச் சங்கடமாக இருக்கும், "இன்னாடி இது, உங்கம்மா ஊட்டு கோழிய வாசல்லயே நிறுத்தி வெக்கற?" என்று சண்டைக்கு வந்தாலும் வருவார். அவர் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்காதே. பதினைந்து நாளும் ஒன்றும் தும்மாமல் இருந்தால், அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்து நானே வருகிறேன். நீயும் நானும் தள்ளி நிற்போம். கூட்டுக் கதவைத் திறந்து, உன் மாமியார் தன் கையாலேயே அவற்றை உள்ளே விடட்டும்.

பிள்ளைக்கு என் முத்தங்கள்.

உன் அம்மா